டிரைவருக்குப் பின்னால் அமுதாவுக்கு ஒரு சீட்டு

செவ்வாய், காலை 5.10. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம்.

வியாழக்கிழமை காலை விமானத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடியலிலேயே கிளம்புகிறவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நிலையத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மெட்ராஸ் இருநூற்று முப்பது கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக ஆறு மணி நேரம், கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். அந்த நிலையத்தில் பதினெட்டு வருஷமாக ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பராக நின்று, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, "எடு, எடு, டைமாச்சு" என்று டிரைவர்களை விரட்டுகிறவன் நான். எனக்குத் தெரியாத தூரமா, நேரமா? ஆனால் அன்று என் இடுப்பில் இருந்தது ஒரு வருஷம் பதினோரு மாதம் ஆன என் மகள் அமுதா. நாற்பத்தாறு வயதில் பெற்ற பிள்ளை. நாங்கள் ஏறப்போவது எனக்கு முதல் விமானம். அவளுக்கும் அதுவே முதல். இருவரில் பயப்படாதவள் அவள்தான்.

போக வேண்டிய இடம் போர்ட் பிளேர். என் மனைவி மல்லிகாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மாற்றல் உத்தரவு வந்து, இரண்டு மாதம் முன்பு கப்பலில் போய்ச் சேர்ந்தாள். இப்போதுதான் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள் என்று எழுதினாள். அதோடு விட்டாளா? கடிதத்தின் அடியில் இரட்டைக் கோடு போட்டு ஒரு வரி: "அமுதாவுக்குத் தனி சீட்டு வாங்குங்க. உங்க மடிய நான் நம்ப மாட்டேன்."

அந்த வரிதான் என்னைச் சீண்டியது. விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத பிள்ளை பெரியவர் மடியில் உட்கார்ந்து வரலாம். கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். இரண்டு நிரம்பிவிட்டால் தனி இருக்கை, பாதிக் கட்டணம். ஓடுகிற பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து ஏறி இறங்கிய உடம்பு இது. என் மடியைவிடப் பத்திரமான இடத்தை எந்தக் கம்பெனிக்காரன் செய்து வைத்திருக்கிறான்? வீம்புக்கு மடி டிக்கெட்டே வாங்கினேன்.

வாங்கிய மறுநாளே தூக்கம் போயிற்று. மடி சரி, அந்த மடி எங்கே உட்கார வேண்டும்? எங்கள் தொழிலில் இதற்கு ஒரே விடைதான்: டிரைவருக்குப் பின் சீட்டு. எதிரே லாரி வந்தால் டிரைவர் தன் பக்கத்தை ஒடித்துக் காப்பாற்றிக்கொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவனும் அவர் தயவில் பிழைத்துக்கொள்வான். கள்ளக்குறிச்சியில் எந்தக் கண்டக்டரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார். ஆகவே மெட்ராஸில் டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜெண்டுக்குப் பதினேழு கேள்விகள் எழுதி அனுப்பினேன். விமானத்தில் டிரைவர் எந்தப் பக்கம் உட்காருவார்? அவருக்கு நேர் பின் சீட்டு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அவசரக் கதவை ஒட்டிய சீட்டாவது தருவார்களா? பின் சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டு தூக்கிப் போடுமா? பதில் ஒரு தபால் அட்டையில் வந்தது. "சீட்டு ஏர்போர்ட்டில் தருவார்கள். தயவுசெய்து இனி எழுத வேண்டாம்."

இன்னொரு கவலையும் அரித்தது. அமுதாவுக்கு வளர்த்தி ஜாஸ்தி. பார்த்தால் இரண்டரை என்பார்கள். பஸ்ஸில் மூன்று வயதானால் அரை டிக்கெட். "இன்னும் மூணு ஆவலீங்க" என்று தாய் சொல்லி வாய் மூடுவதற்குள், "நான் ஒண்ணாங்கிளாஸு" என்று பிள்ளை போட்டு உடைப்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறவன் நான். விமானக் கம்பெனிக்காரர்கள் சந்தேகப்பட்டு இவளை என் மடியிலிருந்து பிடுங்கித் தனியாக உட்கார வைத்துவிட்டால்? ஒரு மாதம் பாடம் நடத்தினேன். "அமுதாவுக்கு எத்தினி வயசு?" என்று கேட்டால் உடனே ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஒரு பிஸ்கெட். பத்தே நாளில் தேறிவிட்டாள். பிறகு பிஸ்கெட் வேண்டும்போதெல்லாம், யாரும் எதுவும் கேட்காமலே, விரலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

காலை 6.00. பஸ் நின்றது.

ஊரைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாமலிருந்தது. அது என் நாளாக அமைந்தது. கூட்டத்தின் முன்னால் நின்றவர் முருகேசன். டிராக்டர் ஓட்டுகிறவர், எங்கள் பஸ்ஸில் அடிக்கடி வருகிறவர்.

"இன்னா டைம் கீப்பரே, இன்னிக்கி டைமு எங்க கையில" என்றார்.

"முருகேசா, வெளயாடாத. வியாழக்கெழம எனக்கு ஏரோப்ளேன்."

"இன்னிக்கி செவ்வாதானே? இப்பவே பறந்துகினு வர்ற?"

கூட்டம் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"புள்ளய வெச்சிக்கினு நிக்கிறன்யா. விட்டா அடுத்த ப்ளேனு எப்பவோ. எம் புள்ளக்கி சீட்டு போய்டும்!"

முருகேசன் சிரிப்பை நிறுத்தினார். "நாங்களும் புள்ளைங்களுக்கு சீட்டுதான் சார் கேக்குறோம். காலேஜில."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அமுதாவைக் கீழே விட்டேன். அவள் நேரே போய், விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஏற முயன்றாள். யாரோ தூக்கி உட்கார வைத்தார்கள். இன்னொருவர் தூக்குவாளியிலிருந்து பால் ஊற்றிக் கொடுத்தார். என் பயணத்தைக் கெடுத்தவர்கள்மேல் முழுசாகக் கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

"உளுந்தூர்பேட்ட வரைக்கும் இப்பிடித்தான் கெடக்குது" என்றார் முருகேசன். "நீ ஒண்ணு பண்ணு. வடக்கனந்தலு ரோட்டுல மரம் கெடையாது. நாள காலைல அங்கேர்ந்து ஜீப்பு மல ஏறுது. வெள்ளிமல போயி, அந்தாண்ட கருமந்துறையில எறங்கினா சேலத்துக்குப் பஸ்ஸு. சேலத்துல ரயிலு ஓடுதாம்."

கிழக்கே இருக்கிற மெட்ராஸுக்கு மேற்கே மலை ஏறிப் போவதா! எங்கள் பஸ் கிலோமீட்டர் கணக்கில் பின்னாலேயே நகர்ந்து, திரும்ப இடம் கிடைத்து, 8.15க்கு என்னைக் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கியது. காலையில் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

புதன், காலை 6.40. வடக்கனந்தல்.

பதின்மூன்று கிலோமீட்டர். தெரிந்தவர் ஒருவரின் மொபெட்டில் வந்தோம். ஓட்டுகிறவர், நான், நடுவில் அமுதா, என் தொடைமேல் டிரங்குப் பெட்டி. பத்திரமான சீட்டு எது என்று பதினேழு கேள்வி கேட்டவன் வந்த கோலம் இது.

ஜீப் நின்றிருந்தது. வெள்ளிமலைக்கு எட்டு ரூபாய், கருமந்துறைக்குப் பதினைந்து. டிரைவர் பெயர் கோவிந்தன். பின்னால் இரண்டு பக்கமும் நீளப் பலகை, அதில் பதினோரு பேர், நடுவில் மூட்டைகள். கீழே சந்தையில் வாங்கிய உப்பு, அரிசி, தவிடு எல்லாம் மலைக்கு ஏறுகின்றன. என் கண் நேரே டிரைவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அந்த இடத்தில் இரண்டு தவிட்டு மூட்டைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில், முதுகை டிரைவர் சீட்டுப் பக்கம் கொடுத்து, பின்புறம் பார்த்தபடி, அமுதா வயதில் ஒரு பையன் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான். இடுப்பில் சுற்றிய துணியின் இரு முனைகளும் சீட்டின் இரும்புக் காலில் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் அவன் தாய். இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் பொன்னி என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமை பயிரிடுகிற குடும்பம்.

"தாயி, அந்த மூட்டயக் கொஞ்சம் நவுத்தேன். நான் டிரைவருக்குப் பின்னால குந்தணும்."

"ஏன்ணா, வண்டி ஓட்டறதுக்கு ஒத்தாச பண்ணப் போறியா?"

ஜீப்பே சிரித்தது. இரண்டு நாளாக நான் போகிற இடமெல்லாம் இதே கச்சேரி.

"கொயந்த இருக்குதும்மா."

"இங்க இருக்கறது இன்னா, பூசணிக்காயா?" என்று தன் பையனைக் காட்டினாள். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தாள். "உம் பொண்ணையும் இதுல எறக்கு. ரெண்டு பேருக்கு எடம் இருக்குது. துணியால கட்டிடறேன்."

"கட்டறதா? இவ இன்னா கன்னுக்குட்டியா? எம் மடியில வருவா."

"மல ஏறச்ச உன் கையி எத்தப் புடிக்கும்? கம்பியப் புடிக்குமா, புள்ளயப் புடிக்குமா?"

"ரெண்டையும் புடிக்கும். பதினெட்டு வருசமா பஸ்ஸுல..."

"இது பஸ்ஸு இல்லண்ணா, மல" என்று சொல்லிவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும்.

காலை 7.50. ஏற்றம்.

ஊரில் மரம் விழுந்து கிடக்க, இங்கே மரங்கள் நிமிர்ந்து நின்றன. மூங்கில், கடுக்காய், பெயர் தெரியாத பெரிய பெரிய மரங்கள். ஒரு வளைவில் கீழே பார்த்தால் வடக்கனந்தல் வயல்கள் பச்சைத் துண்டு துண்டாகத் தெரிந்தன. அடுத்த வளைவில் மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்து போயிற்று. இப்படியெல்லாம் எழுதினால் நான் ரசித்துக்கொண்டே போனதாக நினைப்பீர்கள். நான் பார்த்ததெல்லாம் விளிம்பு. சாலையின் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் எத்தனை அங்குலம் என்பதை வளைவுக்கு வளைவு கோவிந்தனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சார், நீங்க பேசாம வந்தா நான் ரோட்டப் பாப்பேன்" என்றார் அவர்.

இடக்கை அமுதாவின் வயிற்றைச் சுற்றி, வலக்கை கம்பியில். அமுதா நெளிந்தாள். அவள் கண் பையனின் பலாச்சுளையில். நான் இறுக்கினேன், அவள் கத்தினாள், நான் தளர்த்தினேன், அவள் வழுக்கினாள். வலக்கையையும் கம்பியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இனி யார் வந்து அசைக்கிறார்கள் பார்ப்போம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

வளைவு திரும்பியதும் சாலை முழுக்க மாடுகள்.

கோவிந்தன் பிரேக்கை மிதித்தார். அதிக வேகம்கூட இல்லை. ஏற்றத்தில் ஜீப் ஓடும் வேகம்தான். முதலில் பறந்தது என் செருப்பு. பிறகு டிரங்குப் பெட்டி. என் தோள் முன்னால் இருந்தவர்மேல் மோதியது. நிமிர்ந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் ஒரு பிள்ளையை அணைத்த வடிவத்திலேயே இருந்தன. நடுவில் பிள்ளை இல்லை.

ஈரச் சோப்புக்கட்டி மாதிரி நழுவிப் போயிருக்கிறாள். எப்போது போனாள் என்று என் கைக்கே தெரியவில்லை. முன்னால் போய், முதலில் ஏதோ ஒன்றில் நெற்றி இடித்து, தவிட்டு மூட்டைமேல் விழுந்து கிடந்தாள். டிரைவர் சீட்டின் இரும்பு விளிம்பு அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஒரு நொடி அவள் அழவில்லை. அந்த ஒரு நொடியை நான் எழுதப் போவதில்லை. பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். வேறொன்றும் இல்லை. பொன்னியின் பையன் கட்டிய இடத்திலேயே இருந்தான். கையிலிருந்த சுளைகூட விழவில்லை. அவன் தாயும் கம்பியோடு கம்பியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "இப்ப எறக்கறியா?" என்று மட்டும் கேட்டாள்.

இறக்கினேன். என் துண்டை வாங்கி அமுதாவின் இடுப்பில் சுற்றினாள். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "வயித்துல சுத்தாத. குலுங்கினா குடலு நசுங்கிப்புடும். எலும்பு இருக்கற எடத்துல சுத்து." இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளத்தில் முதுகு கொடுத்து உட்கார்ந்தார்கள். பையன் பாதிச் சுளையைக் கொடுத்தான். அமுதா வாங்கிக்கொண்டு, நன்றிக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

காலை 9.05. வெள்ளிமலை. டீ அறுபது காசு. பொன்னி தன் மூட்டைகளை இறக்கினாள்.

"தாயி, ஒரு மூட்டய எனக்கு வெலைக்குக் குடுத்துடேன்."

"இன்னாத்துக்கு?"

"ஏரோப்ளேன்ல வெச்சிக்க."

"போண்ணா, எம் மாடு பட்டினி கெடக்கவா? இதுக்கு மேல ரோடு நேரு. துண்டால பலகையோட சேத்துக் கட்டிக்க" என்றாள். பையனைத் தூக்கிக்கொண்டு, மூட்டைகளுக்குக் காவல் நின்றாள். ஜீப் திரும்பும்வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

கருமந்துறை பத்தரை மணி. அங்கிருந்து பஸ்ஸில் சேலம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. மூன்று மணி ரயிலில் நிற்க இடம் கிடைத்து, ஜோலார்பேட்டைக்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது. ரயிலிலும் அவளை மடியில் வைக்கவில்லை. ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்து, துண்டை அவள் இடுப்பில் சுற்றி, முனையைக் கையில் பிடித்திருந்தேன். எதிரில் இருந்தவர், "புள்ளைக்கு மனசு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றேன்.

மெட்ராஸில் இறங்கியபோது ஏஜெண்ட் கடை மூடியிருந்தது. கையில் இருப்பதோ மடி டிக்கெட். மல்லிகாவின் இரட்டைக் கோடு கண்முன் நின்றது.

வியாழன், காலை 5.00. மீனம்பாக்கம் விமான நிலையம்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. டிக்கெட்டைப் பார்த்தார். "குழந்தையை மடியில வெச்சுக்குங்க சார்."

பதினெட்டு வருஷத்தில் பெற்றோர்கள் சொன்ன பொய்களையெல்லாம் கேட்டவன், அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னேன். "மேடம், டிக்கெட்டுல தப்பு நடந்துபோச்சி. இவளுக்கு ரெண்டரை வயசு. ரூல் பிரகாரம் தனி சீட்டு வேணும். ஜாஸ்தி ஆவறத நான் கட்டிடறேன்."

பிறப்புச் சான்றிதழ் சட்டைப் பையில் குத்தியது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நெற்றி வீங்கிய அமுதாவைப் பார்த்தார். மேஜைக்கு மேலே எட்டிக் குனிந்தார்.

"பாப்பா, உனக்கு எத்தனை வயசு?"

என் மகள் ஒரு விரலைத் தூக்கினாள். கம்பீரமாக, கையை முழுசாக நீட்டி. தூக்கிவிட்டு, பிஸ்கெட்டுக்காக என்னைப் பார்த்தாள்.

"சார்," என்றார் அந்த அம்மா, "ரெண்டு முடிஞ்ச குழந்தையை ஒண்ணுன்னு சொல்றவங்களை தினம் பாக்கறேன். ஒண்ணை ரெண்டரைன்னு சொல்ற முதல் அப்பா நீங்கதான். என்ன விஷயம்?"

சொன்னேன். ஜீப், மாடு, தவிட்டு மூட்டை, எல்லாம். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் நிறுத்தவில்லை.

"தனி சீட்டு வேணும்னா கேக்க வேண்டியதுதானே? காலியா இருந்தா குடுப்போம். இன்னிக்குப் பாதி ப்ளேன் காலி. ரோடெல்லாம் மரம், ஊர்லேர்ந்து யாரும் வந்து சேரலை."

முருகேசனை நினைத்துக்கொண்டேன். அவர் போட்ட மரம் அமுதாவுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தது. அவர் பிள்ளைகளுக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை.

"எங்கே வேணும், சொல்லுங்க."

ஒரு மாதம் தூக்கம் கெட்டுக் காத்திருந்த கேள்வி. "டிரைவருக்குப் பின்னால" என்றேன்.

"பைலட்டுக்குப் பின்னால சுவர்தான் இருக்கு சார். எதுக்கு?"

"அவரு தன்னக் காப்பாத்திக்கிற பக்கம்..."

"அவர் தன்னைக் காப்பாத்திக்கிட்டா எல்லாரையும் காப்பாத்தின மாதிரிதான்."

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகவே பட்டது. அவசரக் கதவுப் பக்கம் கேட்டேன். அங்கே குழந்தைகளை உட்கார வைப்பதே இல்லையாம். அவசரத்தில் கதவைத் திறக்கக்கூடிய பெரியவர்கள்தான் அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் நடைபாதை ஓரம், எழுந்து ஓட வசதியாக? "சூடான காபியோட வண்டி அந்த வழியாத்தான் போகும். குழந்தை கையையும் காலையும் நீட்டும்" என்றார். எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். பிள்ளை ஜன்னலோரம், நான் பக்கத்தில், வழியை மறித்துக்கொண்டு. பதினேழு கேள்விக்கும் சேர்த்து இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டு, "அடுத்து" என்றார் அந்த அம்மா. அவர் எங்கள் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்திருந்தால் ஒரு பஸ்கூட லேட் ஆகாது.

காலை 6.35. விமானத்துக்குள்.

பணிப்பெண் வந்தார். அமுதாவின் பெல்ட்டை நான் அவள் வயிற்றில் மாட்டியிருந்தேன். அதை இழுத்து இறக்கி, "இடுப்பு எலும்புல வரணும் சார், வயித்துல கூடாது" என்றார். வெள்ளிமலையில் கேட்டாயிற்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூடுதலாக இருக்கட்டும் என்று நான் எடுத்த துண்டை மட்டும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

விமானம் ஓடி, எழும்பியது. என் உயிர் மீனம்பாக்கத்திலேயே நின்றுவிட்டது. அமுதா ஜன்னலில் மூக்கை அழுத்தி, "பஸ்ஸு, பஸ்ஸு" என்று சிரித்தாள். அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம். பிறகு பெல்ட் பிடிக்கவில்லை. நெளிந்தாள், உதைத்தாள், அழ ஆரம்பித்தாள். எப்படிப்பட்ட அழுகை தெரியுமா? கண்ணீர் கொஞ்சம், சத்தம் மிச்சம். பிஸ்கெட் கொடுத்தேன், பிஸ்கெட்டை எறிந்தாள். எத்தினி வயசு என்று கேட்டேன். விரலைத் தூக்காமல் என்னை அடித்தாள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முன் வரிசைக்காரர் திரும்பினார். பின் வரிசை அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"பாவம் சார், குழந்தையைப் போய் கட்டி வெச்சிருக்கீங்க. மடியில எடுத்துக்குங்க, அடங்கிடும்."

"பெத்த மனசா இது?" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

அமுதா இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டினாள். "ப்பா, மடி" என்றாள். நேற்றைக்கு முந்தைய நாளாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றியிருப்பேன். ஊரே திட்டும்போது ஒரு பிள்ளையை மடிக்கு எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மாதமாகக் கேட்டும் கொடுக்காத விசில். அழுகை நின்றது. அடுத்த நொடி, விமானம் முழுக்கக் கேட்கும்படி, நீளமாக ஒரு விசில். எங்கள் ஊரில் அதற்கு வண்டியை நிறுத்து என்று அர்த்தம். கடலுக்கு மேலே எங்கே நிறுத்துவது? பணிப்பெண் ஓடிவந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் விமானம் தொபுக்கென்று இறங்கியது. பள்ளத்தில் பஸ் விழுகிற மாதிரி; ஆனால் பள்ளத்துக்கு அடி இல்லாத மாதிரி. பணிப்பெண் காலி இருக்கை ஒன்றில் விழுந்து உட்கார்ந்தார். எதிர் வரிசையில் யாரோ வைத்திருந்த காபி கூரையைத் தொட்டது. என் கைகள் தாமாகவே அமுதாவின் பக்கம் பாய்ந்தன. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் போகவில்லை. இடுப்பில் பெல்ட், வாயில் விசில், இருந்த இடத்திலேயே இருந்தாள். இன்னொரு தொபுக்கு. அமுதா இரண்டு விசில் கொடுத்தாள்: போகலாம், ரைட்.

பின் வரிசையில் பெல்ட்டுகளை இறுக்குகிற சத்தம் கேட்டது.

காலை 8.40. போர்ட் பிளேர். மல்லிகா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பிள்ளையை வாங்கியதும் முதல் கேள்வி: "நெத்தியில இன்னா இது?"

"மடியில வெச்சிக்கினு வந்தேன்."

"ஏரோப்ளேன்லயா?"

"ஜீப்புல. ஏரோப்ளேன்ல தனி சீட்டு."

அவள் திட்டவில்லை. அமுதாவிடம், "அப்பா வழியில எத்தினி வாட்டி பயந்தாரு?" என்று கேட்டாள். அமுதா யோசிக்காமல் ஒரு விரலைத் தூக்கினாள். என் ஒரு மாதப் பாடம் ஓர் இடத்திலாவது என் மானத்தைக் காப்பாற்றியது.

பத்து நாள் இருந்தேன். திரும்பும் விமானத்தில் பக்கத்து இருக்கை காலி. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், அந்தக் காலி இருக்கையின் பெல்ட்டை எடுத்துப் பூட்டி வைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் மரங்களை அகற்றியிருந்தார்கள். உளுந்தூர்பேட்டைச் சாலையில் ஓரத்துக்கு ஓரம் வெட்டிய அடிமரங்கள் மட்டும் நிற்கின்றன. நான் மறுபடி என் இடத்தில் நிற்கிறேன். விமானத்தில் ஆளுக்கு ஒரு பெல்ட். எங்கள் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு சீட்டுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே பெல்ட் டிரைவரின் கால்சட்டையில் இருக்கிறது. நேற்று 5.10 வண்டியில், எஞ்சினுக்குப் பக்கத்தில், எதிரே கண்ணாடி மட்டும் இருக்கிற முன் சீட்டில், ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதுமே, "இன்னும் மூணு ஆவலீங்க" என்றாள்.

"வயசு கேக்கலம்மா. எழுந்து மூணாவது வரிசைக்குப் போ. புள்ளய ஜன்னலு பக்கமா தனியா உக்கார வை, நீ இந்தாண்ட ஒட்டிக் குந்து."

மூன்றாவது வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தவர் சண்டைக்கு வந்தார். துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டேன். அரை டிக்கெட் கேட்கட்டுமா என்று கண்டக்டர் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். "இந்தாளுக்கு இன்னாவோ ஆயிடிச்சி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கீழே இறங்கி மணியைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் லேட். விசிலுக்காகக் கழுத்தைத் தடவினேன். அது போர்ட் பிளேரில் இருக்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றேன்.